கஞ்சனுக்குக் கேலி, பேராசைக்கு மாலை

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கஞ்சனின் கதை காதில் விழும். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். பேரன் பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். தன் தோப்பில் தேங்காய் விழுந்து கிடக்க, பக்கத்து வீட்டில் அரைமூடி கேட்டு ஆள் அனுப்பியவர். ஆளுக்கொன்றாகச் சொல்லி முடிக்கும்போது கடையே சிரிக்கும். அதே கடைக்கு எதிரே கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரில், பத்து வட்டிக்குக் கொடுத்துப் பாதித் தெருவை எழுதி வாங்கியவர் கைகூப்பி நிற்பார். அவரைப் பற்றிக் கதை கிடையாது. கேட்டால், "பொழைக்கத் தெரிஞ்சவரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

பேராசையைப் பற்றியும் கருமித்தனத்தைப் பற்றியும் அறநூல்கள் சொல்லாதது எதுவுமில்லை. அவற்றைத் தேனி மாவட்டத்து நடப்போடு வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கண்டிக்க வேண்டியதைக் கொண்டாடுகிறோம், பரிதாபப்பட வேண்டியதைக் கேலி செய்கிறோம். கருமி பெரும்பாலும் தன்னையும் தன் வீட்டையும்தான் வாட்டுகிறான். பேராசைக்காரனின் கணக்கைத் தீர்ப்பவர்களோ அவன் முகத்தையே பார்த்திராதவர்கள். இந்த வித்தியாசம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. முன்னவனிடம் நமக்கு ஒன்றும் பெயராது; பின்னவனிடம் அவசரத்துக்குக் கை நீட்டலாம். அதனால்தான் ஒருவனிடம் சிரிப்பு, இன்னொருவனிடம் மௌனம்.

முதலில் நூல்களைப் பார்த்துவிடலாம். பிறர் பொருள்மேல் ஆசை வைக்காதே என்று சொல்லும் 'வெஃகாமை' திருக்குறளின் 18-ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. சேர்த்த பணம் யாருக்கும் பயன்படாமல் கிடப்பதைப் பேசும் 'நன்றியில் செல்வம்' 101-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலின் கடைசிப் பகுதியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே, ஆள்பவன் விலக்க வேண்டிய குற்றங்களைச் சொல்லும் 'குற்றங்கடிதல்' என்ற 44-ஆம் அதிகாரத்திலும் கருமித்தனம் வருகிறது. அதுவும் மற்றக் குற்றங்களோடு சேர்த்து எண்ணவே முடியாத பெருங்குற்றமாக. கஞ்சத்தனம் என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஞாபகம்தான் நமக்கு வரும். வள்ளுவர் அதை அதிகாரத்தில் இருப்பவரின் நோயாகவும் பார்த்திருக்கிறார். கூலி கொடுக்கும் இடத்தில், பங்கீடு செய்யும் இடத்தில், சாவி வைத்திருக்கும் இடத்தில் உள்ளவன் கை மூடினால் என்ன ஆகும் என்பது அவர் கவலை. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பார்வை உதவும்.

நாலடியார் 'நன்றியில் செல்வம்', 'ஈயாமை' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. அது சமண முனிவர்களின் பாடல்தொகுப்பு என்பது மரபு. சமணம் இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்நியமல்ல. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் இருக்கின்றன. அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், தேவைக்கு மேல் பொருள் வைத்துக்கொள்ளாமையை ஐந்து பெரு விரதங்களில் ஒன்றாகக் கொண்ட துறவிகள் நடமாடிய இடம் அது. இன்று அந்தப் பாறையைச் சுற்றி மனைவிலை என்ன என்று விசாரித்தால் தலை சுற்றும்.

அதே உத்தமபாளையத்தில் இன்னொரு மரபும் உண்டு. இஸ்லாம் வட்டியை அடியோடு விலக்குகிறது. ஓராண்டு கையில் தங்கிய சேமிப்பில் இரண்டரை சதவீதத்தை ஜகாத்தாகக் கொடுக்கச் சொல்கிறது. கொடுப்பவரின் மனநிலைக்கு விடாமல் கணக்காகவே வைத்துவிட்டது அதன் சிறப்பு. ஹாஜி கருத்த ராவுத்தர் 1956-இல் இந்த ஊரில் தொடங்கிய கல்லூரி, மதுரைக்குப் போய்ப் படிக்க வசதியில்லாத எத்தனையோ பள்ளத்தாக்குப் பிள்ளைகளைப் பட்டதாரியாக்கியது. அதில் படித்தவர்கள் எல்லாச் சாதியிலும் மதத்திலும் இருக்கிறார்கள். பணம் சேர்த்தவர் எல்லாம் பேராசைக்காரர் இல்லை என்பதற்கு அந்தக் கல்லூரிக் கட்டடமே சாட்சி.

வெளியுலகச் சிந்தனையிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. ஊதாரியையும் கருமியையும் எடைபோட்ட அரிஸ்டாட்டில், ஊதாரியை வயதும் வறுமையும் திருத்திவிடும், கருமித்தனத்துக்கு மருந்தில்லை என்று கருமியையே மோசமானவனாக்கினார். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தில் இருவருக்கும் ஒரே வட்டம். எதிரெதிராகப் பாறைகளை உருட்டி மோதிக்கொண்டே இருக்கிறார்கள். பெர்னார்ட் மாண்டவில் 1714-இல் வெளியிட்ட 'தேனீக்களின் கதை' எல்லாவற்றையும் தலைகீழாக்கியது: தனிமனிதரின் ஆசையும் ஆடம்பரமும்தான் ஊரைச் செழிக்க வைக்கின்றன என்றது. போடியில் ஏலக்காய் வியாபாரிகளிடம் பேசிப் பாருங்கள். மாண்டவில் பெயரே கேள்விப்படாதவர்கள் அவர் வாதத்தை அழகாகச் சொல்வார்கள்: "நாங்க ஆசைப்படலைன்னா இந்த ஊர்ல யாருக்கு வேலை?" பதில் சொல்லச் சுலபமான கேள்வி இல்லை அது. பின்னால் வருகிறேன்.

கருமித்தனத்தின் ஆபத்தை இந்தச் சீமை பாடமாகப் படித்தது நூலில் அல்ல, நல்லதங்காள் கதையில். வருசநாட்டு மலையின் மறுபக்கம், வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயிலும் கிணறும் இருக்கின்றன. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணி மூளி அலங்காரி அடுப்புப் பற்றவும் விடாமல் துரத்த, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த கதை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு அழுதே வளர்ந்தார்கள். ஆனால் கதை ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்திருக்கிறது. பாவம் முழுவதையும் அண்ணி தலையில் கட்டிவிட்டு, அண்ணன் நல்லதம்பியை உத்தமனாக வெளியே அனுப்பிவிட்டது. பஞ்சகாலத்தில் நிறைந்த குதிர் எப்படி அந்த வீட்டில் மட்டும் இருந்தது, ஊரில் மற்றவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கதை கேட்பதில்லை. பிடி அரிசி கொடுக்காதவள் மூளி ஆனாள். மூட்டை மூட்டையாகச் சேர்த்தவன் பெயர் கெடவில்லை. டீக்கடையில் நடப்பதும் அதுதான்.

கதையை விடுங்கள், நிஜப் பஞ்சத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தது அரசு. வீடுகளில், கடைகளில், ஆட்டோ முகப்பில் அவர் படம்.

அவர் இங்கிலாந்திலிருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது பள்ளத்தாக்கின் நம்பிக்கை. அணை சென்னை மாகாண அரசின் திட்டமாக அரசுப் பணத்தில் எழுந்தது என்றே ஆவணங்களைப் பார்த்தவர்கள் பலர் சொல்கிறார்கள். உண்மை எப்படியோ இருக்கட்டும். இந்த நம்பிக்கை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் வேறு. தண்ணீர் கொண்டுவந்தவன் தன் கைப்பொருளை இழந்திருக்க வேண்டும் என்று ஊர் தானாக முடிவு செய்திருக்கிறது. கொடுத்து இழந்தவனைத்தான் சாமியாக்க முடியும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

சாமி படம் மாட்டிய சுவருக்குப் பின்னால் நடப்பது வேறு. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைய வேண்டும் என்பது கணக்கு. ஜூன் 1-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் முதல் போகம். அந்தக் கணக்கில் சேராத நிலம், பல கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் தோப்பு, எப்படிச் செழிக்கிறது? ஆற்றங்கரையில் ஒன்றிரண்டு சென்ட் இடத்தை வாங்குவார்கள். அதில் கிணறு தோண்டுவார்கள். கிணற்றின் அடியிலிருந்து ஆற்றுப் படுகைக்குள் குழாய் போகும். பார்வைக்கு அது சொந்தக் கிணறு, ஊறுவது ஆறு. அங்கிருந்து மோட்டார் போட்டு, சாலையைத் தோண்டி, ஓடையைத் தாண்டிக் குழாய் நீளும். அதிகாரிகள் வந்து சில இணைப்புகளைத் துண்டிப்பார்கள். சில நாளில் ஒட்டுப்போட்டுத் தண்ணீர் ஓடும். விவசாய சங்கங்கள் வருடம் தவறாமல் மனுக் கொடுக்கின்றன. இதில் மாட்டுபவர்களில் தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும் சிறு விவசாயியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் குழாய் பதிக்கும் முதல் சிறு விவசாயியிடம் கிடையாது.

இதன் மறுபாதி கருமித்தனம். தலைமடையில் வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்காமல் விட்டு வைப்பவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தத் தண்ணீரால் இம்மியும் லாபமில்லை; பயிருக்குக் கெடுதல்கூட. "இருக்கட்டும், நாளைக்கு வராமப் போச்சுன்னா?" என்பார். பேராசை அடுத்தவன் தண்ணீரை எடுக்கிறது, கருமித்தனம் வந்ததை விட மறுக்கிறது. பழனிசெட்டிபட்டிப் பக்கம் கடைமடையில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது போடி வியாபாரியின் கேள்விக்கு வரலாம். ஏலக்காய் இந்த மாவட்டத்தின் பணப்புழக்கத்தில் பெரும்பங்கு. தோட்டம் கேரளத்து இடுக்கி மலையில். ஆனால் முதலாளிகளில் பலர் போடி, கம்பம், சின்னமனூர்க்காரர்கள். ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் சேர்ந்து விளைச்சலை அழிக்க, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு எட்டு எம்.எம். போல்டு காய் வைத்திருந்தவர் தரையில் நடக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் குத்தகைக்குத் தோட்டம் தேடினார்கள். நகையை வைத்தார்கள், வீட்டுப் பத்திரத்தை வைத்தார்கள், ஏழாயிரம் ரூபாய்க் காயை மனதில் வைத்துக் குத்தகைத் தொகை பேசினார்கள். செடி காய்த்துப் பலன் கொடுக்கும் நேரத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது ஊரைவிட்டே போனவர்கள் உண்டு.

விலை ஏறினால் வேலை பெருகும் என்ற மாண்டவில் வாதம் பாதி உண்மை. பெருகியது, மறுப்பதற்கில்லை. மீதிப் பாதியை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கம்பம்மெட்டுச் சாலையில் நின்று பார்க்கலாம். தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து, பதினெட்டு என்று ஏற்றுவார்கள். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, பின்பக்கக் கம்பியில் தொங்கியபடி இரண்டு பேர். இரண்டாவது வண்டி அனுப்பினால் டீசல் செலவு. இந்த மலைப்பாதைகளில் ஜீப் கவிழ்ந்து தோட்டத் தொழிலாளப் பெண்கள் இறந்த செய்தி வராத வருடம் அரிது. காய் ஆயிரம் விற்றபோதும் ஒரே வண்டி, ஏழாயிரம் விற்றபோதும் ஒரே வண்டி. இலாபத்தில் ஆசை, செலவில் கருமித்தனம். வள்ளுவர் ஆள்பவனுக்குச் சொன்ன குற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வியாபாரத்துக்குள்ளேயே ஆசை தன் வாலைத் தின்பதும் உண்டு. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரி மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார், வரத்து கூடியதுபோலத் தெரிந்து விலை இறங்குகிறது என்பது விவசாயிகளின் நீண்டகாலப் புகார். பழுத்து வெளுத்த காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவது அவ்வப்போது பிடிபடுகிறது. சாயம் ஏற்றிய ஒரு மூட்டை வெளிநாட்டில் திரும்பினால், ஏற்றாத ஆயிரம் மூட்டையின் பெயரும் கெடும். இது சந்தைக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறது.

அடுத்து வட்டி. இங்கே பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. தண்டல்காரர் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு முதலிலேயே பிடித்தம் போக 8,500 கையில் கொடுப்பார். மறுநாளிலிருந்து நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். வெறும் 1,500 ரூபாய்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் வாங்கியவர் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே இருப்பதால் நூறு நாளில் சராசரியாக அவர் கையில் இருந்தது பாதிப் பணம்தான். ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். பூக்காரியும் தள்ளுவண்டிக்காரரும் இதை வாங்குகிறார்கள், கட்டவும் செய்கிறார்கள்; அவர்கள் நாணயத்தின்மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி, மணி வட்டி எல்லாம் இதற்கு மேல்.

2003-இல் சினிமாத் தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அதே ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்குளித்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினான்கு. பெரிய வட்டிக்காரருக்கு முப்பதாயிரம் ஒரு வாரத் தண்டல்.

வட்டிக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1998-இல் அனுபவ் தேக்கு, 2012-இல் பெருந்துறை ஈமு கோழி, 2022-இல் ஆருத்ரா என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மோசடி. ஆருத்ராவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் போட்டிருந்தார்கள். தேனிப் பக்கத்துச் சிறப்பு இரிடியம். அரிசியை இழுக்கும் கோபுரக் கலசம், கோடிக்கு விலைபோகும் மண்ணுளிப் பாம்பு என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இங்கே கைதாகிக்கொண்டே இருக்கிறார்கள். 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை' படத்தில் இதையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். படத்தை ரசித்தவர்களும் ஏமாந்தார்கள். மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது தருகிறேன் என்றவனை நம்பியது பேராசை இல்லாமல் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஓய்வுப் பணத்தின் வங்கி வட்டி மருந்துச் செலவுக்குப் போதாமல் வந்தவர்களும் இருந்தார்கள். இருவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கனத்தையும் கருமித்தனத்தையும் குழப்பிக்கொள்வதும் இதே வகை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண் டீ குடிக்காமல் பத்து ரூபாயை முடிந்து வைத்தால் அது அவள் மகளின் நர்சிங் படிப்பு. தனியாக வாழும் கிழவி கோயில் வரி கொடுக்க முணுமுணுத்தால் "கஞ்சம்" என்கிறார்கள். அவளுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வேறு யார் பணம் கொடுப்பார்? சிறுசேமிப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை மதுரைச் சீமை பார்த்திருக்கிறது. 1990-இல் தொடங்கிய களஞ்சியம் இயக்கத்தில் கூலிப் பெண்கள் மாதாமாதம் சேர்த்த சின்னத் தொகைகள் அவர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்டன. அதன் தலைவி சின்னப்பிள்ளையின் காலில் 2001-இல் பிரதமர் வாஜ்பாய் விழுந்து வணங்கியதை நாடே பார்த்தது. எதற்காகச் சேர்க்கிறோம், சேர்த்தது யாருக்குப் போகிறது என்பதில்தான் சிக்கனமும் கருமித்தனமும் பிரிகின்றன.

நிலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பெரியகுளம் அருகே வடவீரநாயக்கன்பட்டியில் 182 ஏக்கர் அரசு நிலம் கணினிப் பதிவேட்டிலேயே தனியார் பெயருக்கு மாறியதாக 2021-இல் வெளிவந்தது. கோட்டாட்சியர் முதல் நில அளவர் வரை பணியிடை நீக்கமானார்கள்; வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. நீதிமன்றம் முடிவு சொல்லட்டும். தப்பு பெரிதாகும்போது ஒரு ஆளின் ஆசையால் மட்டும் நடக்காது, மேசைக்கு மேசை கை மாற வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமாகத் தெரிவது செய்முறை. வெளியூர்க்காரர்களுக்கு இது மொய். ஆண்டிபட்டி, தேனி, உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை எதுவானாலும் மண்டப வாசலிலேயே மேசை போட்டுவிடுவார்கள். ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் நோட்டில் எழுத, மைக்கில் பெயரும் ஊரும் தொகையும் போகும். இப்போது கம்ப்யூட்டர் வந்து ரசீதும் கையில் கிடைக்கிறது. தாய்மாமன் வரிசை தனி: கிடாய், நகை, பட்டு, பழத்தட்டு, முன்னால் மேளம், வாணவேடிக்கை.

தொடக்கத்தில் இது கருமித்தனத்துக்கு ஊர் கண்டுபிடித்த மாற்று மருந்து. வங்கி இல்லாத காலத்தில் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு வட்டியில்லாத முதல் இதுதான். பத்து வீட்டார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துவார்கள். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது திரும்பி வரும். கை மூடியவன் தனித்துப் போவான். இதைவிட நல்ல ஏற்பாட்டைப் பொருளாதார நிபுணர் குழு போட்டாலும் எழுத முடியாது.

கெட்டது எங்கே என்றால், நோட்டு கடன்பத்திரம் ஆனபோது. ஆயிரம் வாங்கியவர் ஆயிரத்தைத் திருப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். மேலே போட்டு எழுத வேண்டும். அவரும் மேலே போடுவார். இப்படிப் பத்து வருடத்தில் நூறு ரூபாய் உறவு ஐயாயிரமாக நிற்கும். போட்டதை வசூலிக்கவே விசேஷம் வைப்பவர்கள் வந்தார்கள். ஒரே முகூர்த்த நாளில் ஆறு பத்திரிகை வந்த வீட்டில், செய்முறைக்காகவே பத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். கொடுக்கும் கைக்கு வட்டிக்காரன் முதல் போடுகிறான். மைக்கில் தொகை குறைந்து வந்தால் ஊர் சொல்லும் பெயர் 'கஞ்சப்பய'. டீக்கடைக் கதைகளில் பாதிக் கஞ்சர்கள் இப்படி உருவானவர்கள். கொடுக்க முடியாதவர்கள், கொடுக்க மனமில்லாதவர்கள் அல்ல.

இதன் கொடூரமான விலையைப் பெண் குழந்தைகள் கொடுத்தார்கள். 1980-களில் உசிலம்பட்டிப் பெயர் கள்ளிப்பாலோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தேனிக்கும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நீட்டிக்கப்பட்டது. வரதட்சணையும், பிறந்தது முதல் பேரன் காதுகுத்து வரை தாய்வீடு செய்து தீர வேண்டிய வரிசைகளும் பெண்சிசுக் கொலைக்குக் காரணம் என்று அப்போதே ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். வறுமை என்று சொல்லி முடித்துவிட்டோம். பிறகு ஸ்கேன் வந்தது. 1994-இலேயே சட்டம் தடுத்தும், பணம் கொடுத்துக் கருவில் பெண் என்று தெரிந்து கலைத்தவர்கள் வசதி உள்ளவர்கள்; கூலிக்காரரிடம் அந்தப் பணம் ஏது? மகனுக்கு வாங்கப்போவதில் பேராசை, மகளுக்குக் கொடுக்கப்போவதில் கருமித்தனம்: ஒரே வீட்டில், ஒரே மனதில், ஒரே நாளில். இந்த இரண்டு குணங்களின் ஆபத்தைப் பேச இந்தச் சீமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அதையும் யாரும் டீக்கடையில் கதையாகச் சொல்வதில்லை.

ஆற்றுக் குழாயைப் பிடுங்க அரசு வேண்டும். ஜீப்புக்கு ஆள் எண்ணப் போலீஸ் வேண்டும், வட்டிக்காரரை அடக்க நீதிமன்றம் வேண்டும். செய்முறையை மாற்ற யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நம் பக்கத்தில் சிலர் பத்திரிகையிலேயே 'அன்பளிப்பு ஏற்கப்படாது' என்று அச்சடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதை ஏழை முதலில் செய்ய முடியாது. பத்து வருடமாகப் போட்டதெல்லாம் அவனுக்குப் போய்விடும். வசதி உள்ளவர்கள் முதலில் செய்யலாம். போட்டது திரும்பாவிட்டாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். வரும் முகூர்த்தத்துக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போகும் தோட்ட முதலாளிகளும், ஏல வியாபாரிகளும், அரசு ஊழியர்களும் அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கொடுங்கள். மண்டப வாசலில் மேசை போடாதீர்கள்.